பனியை எங்கே போடுவது?

கலிபோர்னியா என்றால் கடற்கரை, வெயில், ஐ.டி. வேலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சாக்ரமெண்டோவிலிருந்து கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால், சாதாரண ஆண்டிலேயே ஒன்பது மீட்டர் பனி கொட்டும் இடம் ஒன்று இருக்கிறது. டானர் கணவாய். சியரா நெவாடா மலையின் முகட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,150 மீட்டர் உயரம். பக்கத்திலேயே சோடா ஸ்பிரிங்ஸில், 1946-இல் தொடங்கிய பனி ஆய்வகம் ஒன்று இருக்கிறது. இப்போது அது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். 2022-23 குளிர்காலத்தில் அவர்கள் அளந்த மொத்தப் பனி 19 மீட்டருக்கும் மேல். இந்த மலை மேல்தான் 1868-இலிருந்து ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

படங்களில் பார்க்கும் பஞ்சுப் பனி இல்லை இது. பசிபிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் முட்டிக் கொட்டுவதால் கனமும் ஈரமும் அதிகம். இந்த ஊர்க்காரர்கள் அதற்கு 'சியரா சிமெண்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ராத்திரி கொட்டியதைக் காலையில் மண்வெட்டியால் அள்ளிப் பார்த்தால், பெயர் பொருத்தம்தான் என்பது இடுப்புக்குத் தெரியும்.

என் மாமனார் ஒரு குளிர்காலம் எங்களோடு இருந்தார். தென்னக ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக, அதாவது தண்டவாளப் பராமரிப்பைப் பார்க்கும் இன்ஸ்பெக்டராக, இருந்து ஓய்வு பெற்றவர். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் காலத்திலேயே வேலை பார்த்தவர். ரயில் என்று சொன்னால் போதும், மனிதர் கிளம்பிவிடுவார். அவரைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் டிரக்கீ என்ற ஊர் வரைக்கும் கலிபோர்னியா ஸெஃபிர் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். மேலே ஏற ஏற, ஜன்னலுக்கு வெளியே பாதையை ஒட்டிப் பனிச்சுவர் எழும்பிக்கொண்டே வந்தது. எஞ்சின், சுரங்கம், பாலம் எதைப் பற்றியும் அவர் கேட்கவில்லை.

"மாப்ள, இவ்வளவு பனியையும் எங்க கொண்டு போயிப் போடுவாங்க?" என்றார்.

"ஓரமாத் தள்ளுவாங்க மாமா."

"ஓரந்தான் ஏற்கெனவே நெறஞ்சு கெடக்கே. எங்க பக்கம் மண்ணு சரிஞ்சா, அள்ளிப் பள்ளத்துல தள்ளிட்டா அன்னையோட முடிஞ்சிது. இது நாளைக்கும் வரும்லா?"

ரயில்பாதையில் பனி அகற்றுவது பற்றி அதுவரை நான் படித்ததெல்லாம் எந்திரத்தின் பலத்தைப் பற்றித்தான். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு தூரம் வீசும், எத்தனை எஞ்சின் பின்னால் நின்று தள்ளும் என்று. அவர் கேட்ட கேள்வியை வைத்துப் பார்த்தபோதுதான் நூற்றைம்பது வருட வரலாறு ஒழுங்காக அடுக்கில் வந்து உட்கார்ந்தது. பனி எங்கேயும் போவதில்லை. வசந்தத்தில் உருகும் வரை அது அந்த மலையில்தான் இருக்கும். ஒவ்வொரு எந்திரமும் அதை இங்கிருந்து அங்கே மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான். 'அங்கே'யும் நிறைந்துவிட்டால் அடுத்த எந்திரம் வேண்டும்.

இந்தப் பாதையைப் போட்டவர்கள் முதலில் கண்டுபிடித்த விடை வேறு. பனி பாதையில் விழவே கூடாது என்று கூரை போட்டுவிட்டார்கள்.

சென்ட்ரல் பசிபிக் கம்பெனி 1863-இல் சாக்ரமெண்டோவிலிருந்து வேலையைத் தொடங்கியது. முகட்டில் கருங்கல்லைக் குடைந்து 1,659 அடி நீளத்துக்கு ஒரு சுரங்கம், ஆறாம் எண் சுரங்கம், போட வேண்டியிருந்தது. குடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1866-67 குளிர்காலத்தில் அங்கே 44 பனிப்புயல்கள் அடித்ததாக வேலையில் இருந்த பொறியாளர் ஜான் கில்லிஸ் பதிவு செய்திருக்கிறார். தொழிலாளர்களின் குடிசைகள் பனிக்குள் புதைந்துவிட்டன. குடிசையிலிருந்து சுரங்க வாசலுக்குப் பனிக்குள்ளேயே வளை தோண்டி, அதற்குள் நடந்து வேலைக்குப் போய் வந்தார்கள். பனிச்சரிவில் மாட்டிக்கொண்டவர்களின் உடல்கள் பனி உருகிய பிறகுதான் கிடைத்தன. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் கம்பெனியின் சம்பள ஏட்டில்கூடத் தனித்தனியாக இல்லை. மேஸ்திரி பெயரில் மொத்தமாக ஒரு வரி எழுதிச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். இந்தப் பாதையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற எவரும் அந்த ஏட்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கட்சி.

பாதை போட்டு முடிப்பதற்குள்ளேயே புரிந்துவிட்டது, மண்வெட்டியை நம்பிக் குளிர்காலத்தில் வண்டி விட முடியாது என்று. 1867-இல் சோதனையாகக் கொஞ்சம் மரக்கூரை போட்டுப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு வருடங்களில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதையையே மூடிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் 54 லட்சம் கன அடி மரம். ஆணிக்கும் போல்ட்டுக்கும் மட்டும் 900 டன் இரும்பு. செங்குத்தான இடங்களில் கூரையை மலைச்சரிவோடு ஒட்டிச் சாய்வாக அமைத்தார்கள். மேலிருந்து சரிந்து வரும் பனி கூரை மேல் வழுக்கிக்கொண்டு மறுபக்கப் பள்ளத்தில் விழுந்துவிடும். என் மாமனாரின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. வண்டியில் போனவர்களுக்குத்தான் வருத்தம். மலை பார்க்கப் பணம் கட்டி டிக்கெட் வாங்கிவிட்டு, மணிக்கணக்கில் மரப்பெட்டிக்குள் போகிற மாதிரி இருக்கிறதே என்று புலம்பினார்கள்.

ஆனால் கூரை தன் பங்குக்கு இரண்டு தொல்லைகளைக் கொண்டுவந்தது. ஒன்று, தீ. காய்ந்த மரத்தாலான நீண்ட கூடாரம், அதற்குள்ளே நெருப்பைக் கக்கிக்கொண்டு ஓடும் எஞ்சின். கோடை வந்தாலே பயம்தான். தண்ணீர் டாங்க் கோத்த தீயணைப்பு ரயில்கள் எப்போதும் நீராவி ஏற்றித் தயாராக நின்றன. சிஸ்கோ அருகே ரெட் மவுண்டன் என்ற மலை உச்சியில் ஒரு காவல் குடிசை கட்டி, கூரைகளில் எங்காவது புகை தெரிகிறதா என்று பார்ப்பதற்கே ஆள் போட்டார்கள். சில இடங்களில் கூரையின் ஒரு துண்டைச் சக்கரத்தின் மேல் கட்டினார்கள். கோடையில் அதைப் பக்கத்துத் துண்டுக்குள் இழுத்துச் சொருகிவிட்டால் நடுவில் இடைவெளி விழும். தீ பிடித்தாலும் அதைத் தாண்டாது. ரயிலுக்குப் போட்ட கூரையையே ரயில் மாதிரி நகர்த்திய இந்த யோசனை யாருடையதோ, நல்ல மூளை.

இரண்டாவது தொல்லை, புகை. வண்டி நீளமாக நீளமாக எஞ்சினும் பெரிதானது. கூரைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் மேடேறும்போது, முன்னால் இருக்கும் புகைபோக்கியிலிருந்து வரும் புகையும் வெப்பமும் நேராக டிரைவரின் முகத்தில் அடித்தன. மூச்சு விட முடியவில்லை. இதற்குள் பாதை சதர்ன் பசிபிக் கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. அவர்கள் எஞ்சினையே திருப்பிப் போட்டார்கள். டிரைவர் முன்னால், புகைபோக்கி பின்னால். நிலக்கரி எஞ்சினில் இது நடக்காது, கரி அள்ளிப் போடுகிறவர், பின்னால் கரியைச் சுமந்து வரும் டெண்டர் பக்கத்தில்தான் நின்றாக வேண்டும். இவர்களுடையது எண்ணெய் எஞ்சின். எண்ணெயைக் குழாயில் அழுத்தி எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். 1909-இல் தொடங்கி 1944 வரை இந்த வகையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட எஞ்சின்களைச் செய்தார்கள். கடைசியாக வந்த 4294-ஆம் எண் எஞ்சின் சாக்ரமெண்டோ ரயில்வே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் முன்னால் நின்று பார்த்தால் எது முகம், எது முதுகு என்று ஒரு நிமிடம் குழம்பும். மாமனார் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "டிரைவருக்கு நல்லது பண்ணிருக்கான்" என்று ஒரே வார்த்தையில் சான்றிதழ் கொடுத்தார்.

சரி, எல்லா இடத்திலும் கூரை போட முடியாது. போட்டதையும் காப்பாற்ற முடியவில்லை. எரிந்துபோனவை போக, பல இடங்களில் மரத்தை எடுத்துவிட்டு கான்கிரீட்டில் கட்டினார்கள், மற்றவற்றைப் பிரித்தே விட்டார்கள். திறந்த பாதைக்கு எந்திரம்தான் வழி.

முதலில் இருந்தது ஆப்பு வடிவக் கலப்பை. ஒரு கனமான பெட்டியின் முன்னால் இரும்புத் தகடு பூட்டி, பின்னால் வரிசையாக எஞ்சின்களை நிறுத்தி, வேகமெடுத்துப் பனிக்குவியலில் போய் மோதுவார்கள். மோதி, பின்வாங்கி, மறுபடி மோதி. பனி புதிதாக இருந்தால் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு போகும். கெட்டித்துப் போயிருந்தால் கலப்பை பனியின் மேல் ஏறித் தடம் புரளும். டானரில் ஒரு கலப்பைக்குப் பின்னால் பத்து எஞ்சின் வரைக்கும் நின்றதுண்டு. பழைய படங்களைப் பார்த்தால் வீரம் மாதிரித் தெரியும். எனக்கென்னவோ அது வேறு வழி இல்லாதவர்கள் செய்த வேலையாகத்தான் படுகிறது.

இன்றைக்கு அங்கே அன்றாடம் வேலை செய்கிற எந்திரத்தை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அதன் பெயர் ஃப்ளாஞ்சர். ரயில் சக்கரத்தில், தண்டவாளத்தின் உள்பக்கமாக ஒரு விளிம்பு இறங்கியிருக்கும். வண்டியைப் பாதையில் பிடித்து வைப்பது அந்த விளிம்புதான். தண்டவாளத்தின் உள்பக்கம் பனி இறுகிப் பனிக்கட்டி ஆகிவிட்டால் விளிம்பு அதன் மேல் ஏறும், சக்கரம் தூக்கிக்கொள்ளும், வண்டி கவிழும். ஆகவே ஆள் உயரப் பனிச்சுவரைவிட ஆபத்தானது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த நாலு விரல்கடைப் பனிக்கட்டி. ஃப்ளாஞ்சர் அதைச் சுரண்டி எடுத்து வெளியே எறிகிறது.

சோடா ஸ்பிரிங்ஸ் ரயில்வே கேட் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு ஒரு தடவை இதைப் பார்த்தேன். நிறுத்த இடம் கிடைப்பதுதான் கஷ்டம், எல்லா ஓரத்திலும் பனி. முன்னால் ஒரு டீசல் எஞ்சின், பின்னால் ஒரு டீசல் எஞ்சின், நடுவில் பழைய சரக்குப் பெட்டி மாதிரி ஒன்று. அதன் வயிற்றுக்குக் கீழே கத்தி. வரும்போதே இரண்டு பக்கமும் வெள்ளைத் திரை எழும்பியது. ரோட்டுக்கு முன்னால் சில அடி தூரத்தில் திரை சட்டென்று நின்றுவிட்டது. கத்தியைக் காற்றழுத்தத்தால் மேலே தூக்கிவிட்டார்கள். சக்கரங்கள் ரோட்டைத் தாண்டின. 'டக்' என்று கத்தி மறுபடி இறங்கியது, திரை எழும்பியது. தூக்காமல் விட்டால் ரோட்டின் பலகையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போய்விடும். பாதை பிரிகிற பாயிண்ட் இருக்கும் இடத்திலும் அப்படித்தான், தூக்கியே ஆக வேண்டும். எங்கே தூக்க வேண்டும் என்று காட்டப் பாதையோரத்தில் தனிப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். பெரும்பனியில் அந்தப் பலகையே தெரியாது. எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பாயிண்ட் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்தான் நெம்புகோல் பக்கத்தில் உட்கார முடியும்.

ஃப்ளாஞ்சர் எறிந்த பனி எங்கே விழுகிறது? பாதைக்குப் பக்கத்திலேயே. தினமும் எறிந்தால் ஒரு வாரத்தில் அது சுவராகிவிடும். அடுத்து எறிவது சுவரில் பட்டுத் திரும்பிப் பாதையிலேயே விழும். அப்போது வருவது ஸ்ப்ரெடர். இரண்டு பக்கமும் பெரிய இரும்பு இறக்கைகளை விரித்துக்கொண்டு, சுவரைப் பாதையிலிருந்து தள்ளித் தள்ளி ஒதுக்கும். ஆஸ்வால்ட் ஜோர்டன் என்ற ரயில்வேக்காரர் ஜல்லி பரப்புவதற்காக உருவாக்கிய வண்டி அது. இன்றும் பலர் 'ஜோர்டன்' என்றே சொல்கிறார்கள். ஜல்லியைப் பரப்புகிற இறக்கை பனியை ஒதுக்கவும் சரியாக வந்தது.

ஆனால் ஒதுக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் இறக்கை எட்டுகிற தூரம் வரை ஏற்கெனவே தள்ளிய பனி. இனித் தள்ள இடமில்லை. தூக்கித் தூரமாக எறிய வேண்டும். அதற்குத்தான் ரோட்டரி.

ரோட்டரியை முதலில் யோசித்தவர் ஒரு பல் டாக்டர். டொராண்டோவைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. எலியட், 1869-இல். அது காகிதத்தோடு நின்றுவிட்டது. பிறகு ஆரஞ்ச்வில் என்ற ஊரில் மாவு மில் வைத்திருந்த ஆரஞ்ச் ஜல் அதைக் கையில் எடுத்தார். லெஸ்லி சகோதரர்கள் அதற்கு உருக்கொடுத்தார்கள். 1883-84 குளிர்காலத்தில் டொராண்டோவில் கனடியன் பசிபிக் யார்டில் ஓட்டிப் பார்த்தார்கள். சில வருடங்களில் அமெரிக்காவின் மலைப்பாதைகள் எல்லாம் ஒன்று வாங்கிக்கொண்டன.

சாக்ரமெண்டோ பக்கத்து ரோஸ்வில்லில் ஒன்று நிற்பதைக் கோடையில் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். மூன்று மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள சக்கரம், அதில் ஆரக்கால்களுக்குப் பதிலாகக் கூம்புக் கூம்பாகத் தகடுகள். ஒவ்வொன்றின் வாயிலும் கீலில் மாட்டிய கத்தி. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அந்தப் பக்கமாகக் கத்தி தானே சாய்ந்து கடிக்கும். சீவி எடுத்த பனி கூம்பு வழியாகப் பின்னால் போய், சுற்றுகிற வேகத்தில் மேலே இருக்கும் வாய் வழியாகப் பீறிட்டுக்கொண்டு வெளியேறும். வாயை இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பலாம். பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம். காற்று எதிராக வீசினால் போட்டது எல்லாம் திரும்பி வந்துவிடும், அதையும் பார்க்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம், ரோட்டரி தானாக நகராது. உள்ளே இருக்கும் எஞ்சினின் பலம் முழுவதும் சக்கரத்தைச் சுற்றத்தான். நகர்த்துவது பின்னால் இருக்கும் எஞ்சின்கள். வேகமாகத் தள்ளினால் சக்கரம் திணறி நின்றுவிடும், மெதுவாகத் தள்ளினால் பனி உள்ளே போகாது. சக்கரத்துக்கு மேலே சின்னக் கூண்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் முன்னால் தெரிவதெல்லாம் வெள்ளை. சக்கரத்தின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டே பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் விசில், இப்போது ரேடியோ. பழைய நீராவி ரோட்டரிகளையே சதர்ன் பசிபிக் பிறகு மின்மோட்டாருக்கு மாற்றிக்கொண்டது. சக்கரத்துக்கு மின்சாரம் கொடுக்க, ஓட்டும் மோட்டார்களைக் கழற்றிய பழைய டீசல் எஞ்சின் ஒன்று கூடவே வரும். அதற்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'ஸ்நெயில்', நத்தை.

டானரில் ரோட்டரி வெளியே வருவது அபூர்வம். பல குளிர்காலங்களில் வருவதே இல்லை. வரும்போது இரண்டாக வரும். ரயிலின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எதிர்ப்பக்கம் பார்த்தபடி, நடுவில் எஞ்சின்கள். முன்னால் வெட்டிக்கொண்டு போகும்போது பின்னால் பாதை மூடிக்கொண்டால், அதே ரயில் திரும்பி வெட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். இந்த ஏற்பாட்டைப் பார்த்தாலே புரியும், யாரோ எங்கேயோ நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று.

மாட்டிக்கொண்ட கதைகளில் கொடியது வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் கணவாயில் நடந்தது. 1910 பிப்ரவரி கடைசி. கிரேட் நார்தர்ன் கம்பெனியின் ஒரு பயணிகள் வண்டியும் ஒரு தபால் வண்டியும் வெலிங்டன் என்ற சின்ன ஊரில் நின்றுவிட்டன. பாதையைத் திறக்கக் கம்பெனி ரோட்டரிகளை அனுப்பியது. சரிந்து வந்த பனியில் உடைந்த மரங்கள் கலந்திருந்தன. மரத்துண்டு சிக்கினால் ரோட்டரியின் கத்தி போய்விடும், அதை ஆட்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு சரிவை வெட்டி முடிப்பதற்குள் பின்னால் இன்னொன்று விழுந்தது. இரண்டு சரிவுகளுக்கு நடுவில் மாட்டிய ரோட்டரிக்குக் கரி தீர்ந்தது. நாட்கள் ஓடின. மார்ச் 1 அதிகாலை, மழையும் இடியும் மின்னலுமாக இருந்த நேரத்தில், மேலே மலைச்சரிவு முழுவதும் கழன்று வந்து இரண்டு வண்டிகளையும் ஆற்றுப் பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். மேலேயிருந்த காடு அதற்கு முன்பே தீயில் எரிந்து மொட்டையாகியிருந்தது, பனியைப் பிடித்து நிறுத்த அங்கே மரமில்லை.

மூன்று நாள் கழித்து, மார்ச் 4 இரவு, கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அங்கே இறந்தவர்கள் பயணிகள் அல்லர், பனி அள்ளுகிறவர்கள். ஒரு மலையிலிருந்து விழுந்த சரிவை ரோட்டரி வெட்டிக்கொண்டிருந்தது, அந்த வெட்டுப்பள்ளத்துக்குள் நின்று ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இன்னொரு சரிவு இறங்கிப் பள்ளத்தை மூடியது. 58 பேர். அவர்களில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். பனிக்குள் பாதை வெட்டுவது என்றால் இரண்டு சுவருக்கு நடுவில் ஓடையொன்று வெட்டுவது. அதற்குள் நிற்பவனுக்கு ஓட இடமே கிடையாது.

இரண்டு கம்பெனிகளும் கடைசியில் ஒரே முடிவுக்குத்தான் வந்தன. மலையின் மேலே பனியோடு சண்டை போடுவதைவிட அடியில் போவது மேல். ரோஜர்ஸ் கணவாயின் அடியில் 1916-இல் 8 கிலோமீட்டர் கானாட் சுரங்கம் திறந்தது. ஸ்டீவன்ஸ் கணவாயில் 1929-இல் 12.5 கிலோமீட்டர் சுரங்கம். டானருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1925-இல் போட்ட நாற்பத்தொன்றாம் எண் சுரங்கம் 3 கிலோமீட்டர்தான், அதுவும் முகட்டுக்குக் கொஞ்சம் கீழேதான். இரண்டு பக்கமும் பனியில் ஏறித்தான் இறங்க வேண்டும்.

அதனால்தான் டானருக்கு 1952 வந்தது. ஜனவரி 13, சிகாகோவிலிருந்து வந்துகொண்டிருந்த 'சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ' என்ற சொகுசு வண்டி முகட்டைத் தாண்டி இறங்கும் வழியில் யூபா கேப் அருகே பனியில் புதைந்து நின்றது. உள்ளே 226 பேர். பின்னால் எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. எஞ்சினில் எரிபொருள் தீர்ந்ததும் சூடும் போனது. மீட்கப் போன ரோட்டரிகளும் மாட்டிக்கொண்டன. ஒன்றைச் சரிவு கவிழ்த்ததில் அதன் எஞ்சினியர் இறந்தார். மூன்று நாள் கழித்துப் பயணிகளைக் காப்பாற்றியது ரயில்வே அல்ல, பக்கத்து நெடுஞ்சாலை. ரோட்டைத் திறந்து கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், பயணிகள் பனியில் நடந்து போய் ஏறிக்கொண்டார்கள். வண்டியைத் தோண்டி எடுக்க மேலும் மூன்று நாள் ஆனது. இவ்வளவுக்கும் கூரை, ஃப்ளாஞ்சர், ஸ்ப்ரெடர், ரோட்டரி எல்லாம் இருந்த கம்பெனி அது. அந்தப் பருவத்தில் கொட்டிய மொத்தப் பனி 20 மீட்டர். ஒருநாள் பின்தங்கினால், அந்த ஒருநாள் பனியைத் தள்ள ஏற்கெனவே இடம் இல்லாமல் போயிருக்கும்.

மாமனாரின் கேள்விக்கு மிக அழகான எந்திர விடை சொன்னவர்கள் என்று நான் நினைப்பது ஜப்பான்காரர்களை. ஹொக்கைடோவில் அந்தக் காலத்தில் கலப்பை வண்டி பனியை ஓரமாகத் தள்ளித் தள்ளிச் சுவர் உயர்ந்துவிட்டால், 'கிமரோகி' என்ற ரயிலைக் கொண்டுவருவார்கள். முதலில் ஓர் எஞ்சின் ஒரு விசித்திர வண்டியை இழுத்துவரும். அதன் இறக்கைகள் விரிந்து, ஓரச்சுவரைக் கரைத்துப் பாதையின் நடுவுக்கே திரும்பக் கொண்டுவரும். ஆமாம், கஷ்டப்பட்டுத் தள்ளிய பனியை மறுபடி பாதையிலேயே போடும்! உடனே பின்னால் வரும் ரோட்டரி அதை வாரித் தூரமாக வீசிவிடும். ரோட்டரியைத் தள்ளிக்கொண்டு கடைசியில் இன்னோர் எஞ்சின். ஓரத்தில் மறுபடி இடம் காலி, கலப்பை நாளைக்கு வரலாம். அந்த ரயில் ஒன்றை முழுசாக நயோரோ என்ற ஊரில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்க்கிற ஆசை இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதையில் வேறொரு சாமர்த்தியம். 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறும் மின்சார ரயில் அது. ஆனாலும் 1910-இல் அவர்கள் வாங்கிய ரோட்டரி நீராவியில் ஓடியது, அதுவும் தானே நகரும் வகை. மின்கம்பியைச் சரிவு அறுத்துப்போட்டால் மின்சாரத்தில் ஓடும் ரோட்டரியும் அங்கேயே நின்றுவிடுமே. அந்த எந்திரம் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது, ரசிகர்களுக்காக எப்போதாவது வெளியே எடுக்கிறார்கள்.

டானரில் 1993-இல் இன்னொரு முடிவு எடுத்தார்கள். முகட்டில் இரட்டைப் பாதையில் ஒன்றை, ஆறாம் எண் சுரங்கம் வழியாகப் போன பழைய பாதையை, கழற்றிவிட்டார்கள். பராமரிக்கக் கூரையும் குறைந்தது, சுத்தம் செய்யப் பாதையும் குறைந்தது. இப்போது எல்லா வண்டியும் நாற்பத்தொன்றாம் எண் சுரங்கம் வழிதான். மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. "போட்ட பாதையைக் கழட்டுறதா?" என்று ரொம்ப நேரம் முனகிக்கொண்டிருந்தார். சரக்கு வண்டி எதிரெதிரே காத்துக் கிடப்பதைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. கணக்கப்பிள்ளை வேறு மாதிரி சொல்வார்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் காரில் போக வேண்டாம், டயருக்குச் சங்கிலி கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து எமரிவில்லில் காலையில் கிளம்பும் ஸெஃபிரில் ஏறி இடப்பக்கம் உட்காருங்கள். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் கீழே டானர் ஏரி தெரியும். கோடையில் என்றால் பழைய நாற்பதாம் எண் நெடுஞ்சாலையில் போய், பாலத்துக்குப் பக்கத்தில் நின்று தெற்கே அண்ணாந்து பாருங்கள். கருங்கல் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் கூரைகளும், சீனத் தொழிலாளர்கள் சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிக் கட்டிய தாங்குசுவரும் ஒரே பார்வையில் கிடைக்கும். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். டிரக்கீயில் சாப்பாடு விலை அதிகம், புளிச்சோறு கட்டிக்கொள்வது உத்தமம்.